பழைய மாருதியின் துருப்பிடித்த தகடுகளை வீட்டிலேயே சரிசெய்வது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சேலம் அஸ்தம்பட்டியில் வீட்டுக்குப் பக்கவாட்டில் இருக்கிற சந்தில் 1991 மாடல் மாருதி 800 ஒன்றைப் பிரித்துப் போட்டு, ஒன்றரை வருடம் தகடு வேலை பார்த்தேன். கார் என் மாமாவுடையது. ஏற்காட்டில் நாகலூர் பக்கம் ஒரு காபித் தோட்டத்து ஷெட்டில் ஏழு வருடம் நின்றது. இருபது கொண்டை ஊசி வளைவும் மினி லாரி மேல் உட்கார்ந்துதான் இறங்கியது, தானாக ஓடி வரவில்லை. பகலில் கணக்கு எழுதுகிற ஆள் நான், தொழில்முறை டிங்கர் இல்லை. ஆனால் காரை வெளியே எடுத்த நாளிலிருந்து சொந்தக்காரர், பக்கத்து வீட்டுக்காரர், டீக்கடையில் பார்ப்பவர் என்று எல்லாரும் ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். வாயால் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டதால் எழுதி வைக்கிறேன். உங்களுடையது அம்பாசடரோ பத்மினியோ ஜீப்போ, பெரும்பாலும் இதே கதைதான்.

பெயின்ட் மேல் நாலு கொப்புளம்தான் இருக்கிறது. தேய்த்துவிட்டு டச்-அப் அடித்தால் போதாதா?

ஒரு மழைக்காலத்துக்குப் போதும்.

கொப்புளத்தில் இரண்டு ஜாதி உண்டு. கல் தெறித்து பெயின்ட் போன இடத்தில் வெளியிலிருந்து உள்ளே போகிற துரு ஒன்று. அதைத் தேய்த்தால் பளபளவென்று நல்ல தகடு தெரியும், பிரைமர் அடித்து முடித்துவிடலாம். இன்னொன்று உள்ளேயிருந்து வெளியே வருவது. இரும்பு துருவாகும்போது ஊதும், முன்பு இருந்ததைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் இடம் கேட்கும், அதனால்தான் பெயின்டைத் தூக்கிக்கொண்டு வருகிறது. கதவின் அடி விளிம்பு, வீல் ஆர்ச், கதவுக்குக் கீழே ஓடுகிற ரன்னிங் போர்டு, டிக்கி ஓரம் ஆகிய இடங்களில் கொப்புளம் வந்தால் அது இரண்டாவது ஜாதி என்றே எடுத்துக்கொள்ளுங்கள். வெளியே நாலு தெரிந்தால் உள்ளே உள்ளங்கை அகலத்துக்கு அரித்திருக்கும்.

சோதிப்பதற்குத் திருப்புளியின் கைப்பிடியால் தட்டிப் பாருங்கள். நல்ல தகடு 'ணங்' என்னும், மக்கிய தகடு 'பொத்' என்னும். பிறகு முனையால் கொஞ்சம் அழுத்திக் குத்துங்கள். ஓட்டை விழுந்துவிடுமே என்று பயப்படாதீர்கள், விழுகிற இடத்தில் ஏற்கெனவே ஓட்டைதான், பெயின்ட் மட்டும் மூடிக்கொண்டு நின்றது. ஒரு சின்ன காந்தத்தைத் துணியில் சுற்றி மெதுவாக ஓட்டிப் பார்க்கவும் வேண்டும். எங்கே ஒட்டாமல் வழுக்குகிறதோ அங்கே அடியில் பட்டி (பள்ளத்தை நிரப்ப அப்புகிற பசை) கனமாக இருக்கிறது. என் காரின் இடது ரன்னிங் போர்டில் காந்தம் ஒரு முழத்துக்கு ஒட்டவே இல்லை. கிரைண்டர் வைத்தால் பட்டிக்கு அடியிலிருந்து தினசரிப் பேப்பர் சுருள் சுருளாக வந்தது. எப்போதோ யாரோ ஓட்டைக்குள் பேப்பரை அடைத்து, மேலே பட்டியை அப்பி, பெயின்ட் அடித்து, காசும் வாங்கியிருக்கிறார். பேப்பர் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு மீதித் தகட்டையும் தின்றுவிட்டது.

எங்கிருந்து ஆரம்பிக்க வேண்டும்?

ஓட்டையிலிருந்து ஆரம்பிக்காதீர்கள், தண்ணீரிலிருந்து ஆரம்பியுங்கள். இந்தப் பக்கத்தில் ஒன்றே ஒன்றை மட்டும் படித்துவிட்டுப் போவதென்றால் இதைப் படியுங்கள்.

டிரைவர் காலடியில், கிளட்ச் பெடலுக்குக் கீழே, என் காரில் தரை தெரிகிற அளவுக்கு ஓட்டை. முதலில் என்ன நினைத்தேன் என்றால், ரோட்டில் தேங்கிய தண்ணீர் கீழேயிருந்து தெறித்து அரித்துவிட்டது என்று. தகடு வாங்கிவந்து, வெட்டவும் போய்விட்டேன். அப்புறம் ஒரு நாள் சும்மா காரைக் கழுவும்போது பார்த்தால், வைப்பருக்குக் கீழே இருக்கிற ஜாலிக்குள் ஊற்றிய தண்ணீர் நேராக உள்ளே கார்ப்பெட்டில் வந்து விழுகிறது. ஜாலியைக் கழற்றினேன். உள்ளே சில்வர் ஓக் இலை. ஏற்காட்டுக் காபித் தோட்டத்தில் நிழலுக்கும் மிளகுக் கொடி ஏற்றவும் வைத்திருக்கிற அதே மரம், அதன் இலை பறவை இறகு மாதிரி பிளந்து பிளந்து இருக்கும், அது ஏழு வருடம் விழுந்து, மக்கி, கருப்பு மண்ணாகி, அதில் ஒரு சின்னச் செடிகூட முளைத்திருந்தது. அந்தப் பள்ளத்தின் இரண்டு ஓரத்திலும் தண்ணீர் இறங்குகிற வழி உண்டு, ஃபெண்டருக்குள் இறங்கி டயருக்குப் பின்னால் தரையில் விழ வேண்டும். இரண்டும் அடைத்து, தொட்டி மாதிரி தண்ணீர் நின்று, மூலைத் தையலை (தகடுகள் சேருகிற இடத்தை) அரித்து, உள்ளே ஒழுகியிருக்கிறது. கார்ப்பெட்டுக்கு அடியில் சணல் மெத்தை மாதிரி ஒன்று இருக்கும், அது அதைக் குடித்துக்கொண்டு வருடக்கணக்கில் ஈரமாகவே கிடந்திருக்கிறது.

நான் அன்றே புதுத் தகடு வைத்து வெல்டிங் அடித்திருந்தால் இரண்டு வருடத்தில் அதே இடத்தில் அதே ஓட்டை.

ஆகவே ஒவ்வொரு ஓட்டைக்கும் முன்னால் ஒரு செம்புத் தண்ணீரை எடுத்துக்கொண்டு வழியைக் கண்டுபிடியுங்கள். கதவின் அடியில் துரு என்றால், கண்ணாடி ரப்பர் வழியாக உள்ளே இறங்கும் தண்ணீர் வெளியேறக் கீழ் விளிம்பில் சின்னச் சின்னத் துளைகள் இருக்கும், அவை புழுதியாலோ பழைய பெயின்டராலோ அடைபட்டிருக்கும். டிக்கித் தரையில் துரு என்றால் பின்கண்ணாடி ரப்பர், டெயில் லைட் வாஷர். வீல் ஆர்ச் என்றால் மடிப்புக்குள் அப்பிக்கொண்ட மண்.

சேலம் காய்ந்த ஊர்தானே, இங்கே என்ன பெரிய துரு?

கடற்கரை ஊர்களோடு ஒப்பிட்டால் உண்மைதான், உப்புக் காற்று இல்லாததால் இங்கே தகடு நிதானமாகத்தான் போகும். ஆனால் ஏற்காடு இருக்கிற சேர்வராயன் மலையில் நின்ற வண்டி வேறு. சுமார் 1500 மீட்டர் உயரம், பனிமூட்டம் வந்து உட்கார்ந்தால் மதியம்வரை போகாது, மழை பெய்யாத நாளிலும் வண்டி நனைந்தே நிற்கும். மேலே தார்ப்பாய் போட்டு இறுகக் கட்டி வைப்பவர்கள் நல்லது செய்வதாக நினைத்து ஈரத்தை உள்ளே பூட்டி வைக்கிறார்கள். கூரை போதும், நாலு பக்கமும் காற்று வேண்டும்.

என்னென்ன சாமான் வேண்டும்?

நாலு அங்குல கிரைண்டர், அதற்கு கட்டிங் வீல், பிளாப் டிஸ்க், கம்பிக் கப் பிரஷ். தகடு வெட்டும் கத்திரி, டிரில், இரண்டு மூன்று சுத்தியல், பின்னால் முட்டுக் கொடுக்க ஒரு டாலி (ரயில் தண்டவாளத் துண்டு கிடைத்தால் இன்னும் நல்லது), வைஸ் கிரிப் ஆறாவது, உப்புத்தாள் பல நம்பரில். காரை நிறுத்த நாலு ஸ்டாண்டு. ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுக்காதீர்கள், செங்கல்லை அடுக்கி அதன் மேல் நிறுத்துவது அதைவிட மோசம், செங்கல் முன்னறிவிப்பில்லாமல் நொறுங்கும்.

கண்ணாடி, கையுறை, தூசிக்கு மாஸ்க். பழைய பெயின்டில் ஈயம் இருக்க வாய்ப்புண்டு, குழந்தைகள் விளையாடுகிற இடத்தில் உலர்வாகத் தேய்த்துப் பறக்கவிட வேண்டாம்.

நெருப்புப் பயம் உண்டா?

உண்டு, எனக்கே பிடித்தது. டிரைவர் சீட்டுக்கு அடியில் வெளிப்பக்கமிருந்து டேக் (சின்ன வெல்டிங் பொட்டு) வைத்துக்கொண்டிருந்தேன், உள்ளே நான் கிழிக்காமல் விட்ட ஒரு சாண் சணல் மெத்தை புகைய ஆரம்பித்தது. ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு குனிந்திருக்கிறவனுக்கு மேலே என்ன நடக்கிறது என்று தெரியாது. மாடியில் துணி காயப்போட வந்த அம்மா கத்தியதால் பிழைத்தது.

பேட்டரியைக் கழற்றுங்கள். பெட்ரோல் டேங்கை இறக்கி வீட்டுக்கு அந்தப் பக்கம் கொண்டுபோங்கள், காலி டேங்க்தானே என்று அலட்சியம் வேண்டாம், ஆவி நிறைந்த காலி டேங்க்தான் நிறைந்த டேங்கைவிட வெடிக்கும். வெல்டிங் வைக்கும் தகட்டின் அந்தப் பக்கத்தில் வயர், ரப்பர், மெத்தை, தார்ப் பூச்சு எதுவும் இருக்கக் கூடாது. ஒரு வாளித் தண்ணீர், ஒரு வாளி மணல், முடிந்தால் ஒரு ஆள். வேலை முடிந்து அரை மணி நேரமாவது அங்கேயே உட்கார்ந்து டீ குடியுங்கள்.

துருவை எடுக்க ஆசிட் ஊற்றலாமா? கோலா? புளி?

பாத்ரூம் ஆசிட் வேண்டாம். துரு போகும், ஆனால் மடிப்புக்குள் இறங்கியது வெளியே வராது, உள்ளேயே இருந்து அரிக்கும், அதன் ஆவி பக்கத்தில் இருக்கிற நல்ல சாமானையும் ஒரே இரவில் சிவப்பாக்கும். கோலாவில் பாஸ்பாரிக் அமிலம் இருப்பது உண்மை, அதைவிட அதிகமாகச் சர்க்கரை இருக்கிறது, எறும்புக்குத்தான் லாபம். புளி பித்தளைக் குத்துவிளக்குக்கு.

பாடித் தகட்டில் முதல் வேலை எப்போதும் கம்பி பிரஷும் பிளாப் டிஸ்கும்தான். வெள்ளைத் தகடு தெரியும்வரை போக வேண்டும். மிச்சம் குழி குழியாக, அம்மைத் தழும்பு மாதிரி, கருப்புப் புள்ளிகள் நிற்கும், அதற்குத்தான் ரஸ்ட் கன்வெர்ட்டர். அதில் பாஸ்பாரிக் அமிலமோ டானினோ இருக்கும், துருவோடு சேர்ந்து கருப்பான, ஓரளவு அசையாத பொருளாக மாறும். நம் ஊரில் கடுக்காயையும் இரும்பையும் சேர்த்து மை காய்ச்சினார்களே, அதே வேதியியல்தான், கடுக்காயில் டானின் ஏராளம். ஆனால் இரண்டு விஷயம். கன்வெர்ட்டருக்கு வேலை செய்யத் துரு வேண்டும், சுத்தமான தகட்டில் தடவினால் வீண். பொருக்குப் பொருக்காக உரிகிற துருவின் மேல் தடவினால் மேல் தோல் மட்டும் கருக்கும், அடியில் வேலை நடந்துகொண்டேயிருக்கும். அமில வகை என்றால் டின்னில் சொன்னபடி கழுவித் துடைத்துக் காயவிடாமல் மேலே எபாக்சி பிரைமர் அடிக்காதீர்கள், பிடிக்காது.

கழற்றக்கூடிய சின்ன சாமான்களுக்கு, அதாவது பிராக்கெட், கதவுக் கீல், பேட்டரித் தட்டு போன்றவற்றுக்கு, மின்சாரத்தால் துரு எடுப்பதுதான் எனக்குப் பிடித்த வழி. பிளாஸ்டிக் டப்பில் தண்ணீர், நாலு லிட்டருக்கு ஒரு பெரிய ஸ்பூன் சலவைச் சோடா, 12 வோல்ட் பேட்டரி சார்ஜரின் மைனஸ் துருப்பிடித்த சாமானில், பிளஸ் ஒரு பழைய இரும்புக் கம்பியில், இரண்டும் ஒன்றையொன்று தொடக் கூடாது. இரவு வைத்தால் காலையில் துரு கருப்புச் சேறாகி பிரஷுக்கு வந்துவிடும். திறந்த வெளியில் வையுங்கள், ஹைட்ரஜன் வரும். பிளஸ் பக்கம் வீட்டில் ஓட்டையான எவர்சில்வர் பாத்திரத்தை மட்டும் போட்டுவிடாதீர்கள். அதிலிருக்கும் குரோமியம் கரைந்து விஷமான வடிவத்தில் தண்ணீரில் நிற்கும், அந்தத் தண்ணீரை எங்கே கொட்டுவீர்கள்?

சேலம் ஸ்டெயின்லெஸ் ஊராச்சே, அந்தத் தகட்டையே போட்டுவிட்டால் ஜென்மத்துக்கும் துரு வராதே?

இந்தக் கேள்வியைக் கேட்காத சேலத்துக்காரர் இல்லை. சேலம் உருக்காலைத் தகடு உலகத்துக்கே போகிறது, உள்ளூர்க் காருக்குப் போகக் கூடாதா என்று ஒரு பெரியவர் என்னிடம் கோபித்துக்கொண்டார்.

ஸ்டெயின்லெஸ் துண்டு துருப்பிடிக்காது, சரி. ஆனால் அது ஒட்டி நிற்கிற பழைய இரும்புத் தகடு? ஈரத்தில் இரண்டு வேறு உலோகம் ஒட்டி நின்றால் தாழ்ந்த உலோகம் தன்னைக் கொடுத்து உயர்ந்ததைக் காப்பாற்றும். ஓரத்துப் பழைய தகடு இன்னும் வேகமாகப் போகும், கடைசியில் உங்கள் ஒட்டு மட்டும் புதுசாக, சுற்றிலும் பிடிப்பில்லாமல் நிற்கும். போதாததற்கு ஸ்டெயின்லெஸ் வெல்டிங்கில் அதிகம் நெளியும், சுத்தியலுக்கு வளையாது, அதற்கு வேறு வயர் வேண்டும்.

உங்களுக்கு வேண்டியது சாதாரண சி.ஆர். (கோல்டு ரோல்டு) இரும்புத் தகடு, 20 அல்லது 22 கேஜ். 20 என்றால் 0.9 மி.மீ., 22 என்றால் 0.7 மி.மீ. தரைக்கும் ரன்னிங் போர்டுக்கும் 20, கதவுத் தோலுக்கு 22 என்று நான் வைத்துக்கொண்டேன். பழைய ஃபிரிட்ஜ், பீரோக் கதவுத் தகடும் நன்றாக இருந்தால் ஓடும், பெயின்டை முழுக்க உரித்துவிட வேண்டும். எண்ணெய் டின் தகடு வேண்டாம், காகிதம் மாதிரி. கூரைக்குப் போடும் ஜி.ஐ. தகட்டை வெல்டிங் அடித்தால் துத்தநாகப் புகை வரும், அதை இழுத்தால் சாயங்காலம் குளிர்ஜுரம் மாதிரி தூக்கிப் போடும்.

ஒட்டுத் துண்டை எப்படிச் சரியான அளவில் வெட்டுவது?

போன வருட தினசரி காலண்டரின் அட்டை. கிண்டல் இல்லை. மடங்கும், வெட்டலாம், விறைப்பாகவும் நிற்கும், தகடு எங்கே வளையுமோ அங்கேதான் அதுவும் வளையும்.

முதலில் அழுகியதை நல்ல தகடு வரும்வரை வெட்டி எடுங்கள். கண்ணுக்கு நல்லது என்று தெரிகிற இடத்திலிருந்து இன்னும் ஒரு விரல்கடை தள்ளியே வெட்டுங்கள், ஏனென்றால் அரித்து மெலிந்த ஓரத்தில் வெல்டிங் நிற்காது, ஓட்டை பெரிதாகிக்கொண்டே போகும். வடிவம் ஓட்டையைப் போலக் கோணல்மாணலாக இருக்க வேண்டியதில்லை, நேர்க்கோடாக வெட்டி மூலைகளை மட்டும் வட்டமாக்குங்கள், கூர் மூலையில்தான் பின்னால் வெடிப்பு விடும். அட்டையை ஓட்டைக்குப் பின்னால் வைத்து, பென்சிலால் ஓரத்தை வரைந்து, வெட்டி, பொருத்திப் பார்த்து, தேய்த்து, மறுபடி பொருத்திப் பார்த்து, அப்புறம்தான் தகடு. என் வலது வீல் ஆர்ச்சுக்கு மட்டும் ஐந்து அட்டை ஆயிற்று. அட்டைக்குச் செலவு இல்லை, தகடு அப்படியில்லை.

பக்கத்தில் பக்கமாக ஒட்டுவதா, மேலே மேலாகவா?

வெளியே தெரிகிற தகட்டில் விளிம்போடு விளிம்பு, நடுவில் ஒரு மி.மீ. இடைவெளி. தரையில் ஒரு விரல் அகலம் மேலேறினாலும் பரவாயில்லை, ஆனால் இரண்டு தகட்டுக்கும் நடுவே வெல்டிங் தாங்கும் துத்தநாக பிரைமர் அடித்துவிட்டு, பின்னால் தையல் முழுக்க சீலர் பூச வேண்டும். இல்லையென்றால் தண்ணீர் நிற்க நீங்களே ஒரு பை தைத்துக் கொடுத்த கணக்கு.

வெல்டிங்கை நானே செய்யலாமா? வீட்டில் ஆர்க் மெஷின் இருக்கிறது.

வீட்டு கேட், ஜன்னல் கிரில் அடிக்கிற ஆர்க் மெஷினைக் கார் தகட்டின் பக்கம் கொண்டுவராதீர்கள். ராடு தொட்ட இடத்தில் ஓட்டை, ஓட்டையை அடைக்கப் போனால் இன்னும் பெரிய ஓட்டை.

பழைய டிங்கர்கள் கேஸ் வெல்டிங்கில் அற்புதம் செய்வார்கள், ஒரு கையில் சுடர், மறு கையில் சுத்தியல், தகடு நெளிய நெளியத் தட்டிக்கொண்டே போவார்கள். அது வருடக்கணக்கில் வருகிற கை. நமக்குத் தோதானது சிஓடூ என்று எல்லாரும் சொல்கிற, வயர் தானாக வந்துகொண்டேயிருக்கிற மிக் வெல்டிங். வயர் 0.8 மி.மீ. போதும், 0.6 கிடைத்தால் 22 கேஜுக்கு இன்னும் சுகம். வெறும் கார்பன்-டை-ஆக்சைடு சிலிண்டரே ஓடும், சூடும் பொரியும் கொஞ்சம் அதிகம். ஆர்கான் கலந்த கேஸ் மெல்லிய தகட்டுக்குச் சாதுவானது. கேஸ் இல்லாத வயர் மெஷின் வாங்கினால் முனைகளை மாற்றிப் போட மறக்காதீர்கள், அந்த வயருக்கு டார்ச் மைனஸ்.

கோடு இழுக்கக் கூடாது, பொட்டு வைக்க வேண்டும். நாலு மூலையில் நாலு பொட்டு, அப்புறம் எதிரெதிர்ப் பக்கத்தில் ஒவ்வொன்று, சுமார் ஓர் அங்குல இடைவெளியில் சுற்றி வந்து, பின் அந்த இடைவெளிகளின் நடுவே. ஒவ்வொரு பொட்டுக்கும் பிறகு பக்கத்துத் தகட்டைத் தொட்டுப் பாருங்கள், கை பொறுக்காத சூடு என்றால் நிறுத்துங்கள். வேகமாக முடித்துவிடலாம் என்று ஒரே மூச்சில் போனால் தகடு சுருங்கி இழுத்து, கதவின் நடுவில் அப்பளம் பொரிந்த மாதிரி அலை அலையாக நிற்கும். என் இடது கதவு அப்படித்தான் போயிற்று. உதவிக்கு வந்த டிங்கர் மாஸ்டர் ஒருவர் அதைப் பார்த்துவிட்டு, "ஏனுங்க தம்பி, பசி நேரத்துல பண்ணீங்களா?" என்று கேட்டார். பசி நேரம்தான்.

ஆரம்பத்தில் வீணான தகட்டில் ஒரு வாரம் பழகுங்கள். ஹெல்மெட் இல்லாமல் ஒரே ஒரு பொட்டுதானே என்று வைத்தால் ராத்திரி கண்ணில் மணல் கொட்டிய மாதிரி உருளுவீர்கள்.

ரன்னிங் போர்டு முழுக்கப் போய்விட்டது. அதையும் வீட்டில் செய்யலாமா?

இங்கே கொஞ்சம் நின்று யோசியுங்கள். மாருதிக்குத் தனியாகச் சட்டம் (ஃபிரேம்) கிடையாது, பாடியேதான் சட்டம். கதவுக்கடியில் ஓடுகிற அந்தக் குழாய் போன்ற பகுதிதான் முன்னையும் பின்னையும் பிடித்து நிறுத்துகிறது. அதை வெட்டினால் கார் நடுவில் தொய்ந்துவிடும், அப்புறம் புதுத் தகடு வைத்து ஒட்டினாலும் கதவு ஜென்மத்துக்கும் சாத்தாது.

செய்வதென்றால் ஒரு நேரத்தில் ஒரு பக்கம் மட்டும். கார் சமதளத்தில், சக்கரங்களுக்கு அருகே பலமான இடங்களில் தாங்கி நிற்க வேண்டும். கதவு வாசலில் குறுக்கே இரும்புச் சட்டம் வைத்து டேக் அடித்துவிட்டு, மூலைக்கு மூலை டேப் வைத்து அளந்து சுவரில் எழுதிவிட்டு, அப்புறம் கத்தி வையுங்கள். பாதி வேலையில் கதவை மாட்டிச் சாத்திப் பாருங்கள். முன்பக்க சஸ்பென்ஷன் தாங்குகிற டவர், ஸ்டியரிங் பிடித்திருக்கிற இடம், சீட் பெல்ட் போல்ட் பக்கம் அழுகியிருந்தால் அனுபவப்பட்ட ஆளிடம் விடுங்கள். நான் வலது டவரை அப்படித்தான் கொடுத்துச் செய்தேன், அதில் எனக்கு வெட்கமில்லை.

முன் ஃபெண்டர் மட்டும் விதிவிலக்கு, போல்ட்டில் கழன்று வரும். அழுகினால் ஒட்டுப் போட்டுக்கொண்டிருக்காமல் புதிதாக வாங்கி மாட்டிவிடுங்கள்.

ஃபைபர் துணியும் ரெசினும் வைத்து மூடினால்?

மேலே அழகாக இருக்கும், அடியில் துரு நிம்மதியாக இருக்கும். பாரமில்லாத இடத்தில், துருவை முழுக்க எடுத்த பிறகு என்றால் சரி. தரைக்கு வேண்டாம், கால் வைக்கிற இடம்.

பட்டி எவ்வளவு கனம் போடலாம்?

இரண்டு மி.மீ., மிஞ்சினால் மூன்று. பட்டி என்பது முகப் பவுடர் மாதிரி, பள்ளத்தை நிரப்பச் சுத்தியல்தான் இருக்கிறது. அதை இறுக வைக்கிற ஹார்டனர் நூறு கிராமுக்கு இரண்டு கிராம் அளவு. சேலத்து ஏப்ரல் வெயிலில் கையிலிருக்கும்போதே இறுகிவிடும், அதனால் நெல்லிக்காய் அளவு எடுத்துக் குழையுங்கள்.

இதில் எனக்கு நம் டிங்கரிங் ஷெட்டுகளோடு ஒரு சண்டை உண்டு. பட்டியைத் தண்ணீர் விட்டுத் தேய்ப்பார்கள், தூசி பறக்காது, வேகமாக வரும். ஆனால் பட்டி பஞ்சு மாதிரி, தண்ணீரைக் குடிக்கும், குடித்த தண்ணீர் நேராகக் கீழே தகட்டுக்குப் போகும். ஆறு மாதத்தில் கொப்புளம் வந்தால் 'தகடு சரியில்லைங்க' என்பார்கள். மாஸ்க் போட்டுக்கொண்டு உலர்வாகத் தேயுங்கள். தண்ணீரெல்லாம் பின்னால், பெயின்டுக்கு முன் அடிக்கிற சர்ஃபேசர் பூச்சு அடித்த பிறகு.

ரெட் ஆக்சைடு அடித்தால் போதாதா?

ஜன்னல் கம்பிக்கு அடிப்பது ரெட் ஆக்சைடு. ஈரத்தை அது முழுசாகத் தடுக்காது. வெட்டி ஒட்டிய தகட்டுக்கு இரண்டு பாகம் கலக்கிற எபாக்சி பிரைமர்தான், தகட்டைத் தேய்த்து தின்னரில் துடைத்த அன்றே அடித்துவிட வேண்டும். வெறும் கையால் தொட்ட இடத்தில் வியர்வை ரேகை துருவாகவே தெரியும், நம்பாவிட்டால் ஒரு துண்டில் விரலை வைத்துவிட்டுக் காலையில் பாருங்கள்.

கடைசிப் பெயின்ட் ஹார்டனர் கலக்கிற வகை என்றால் வீட்டில் ஸ்பிரே பண்ணாதீர்கள். அதிலிருக்கும் ஐசோசயனேட் ஆவி சாதாரண மாஸ்க்கில் நிற்காது, ஆஸ்துமாவில் கொண்டுபோய் விடும். நான் பிரைமர்வரை வீட்டில் அடித்தேன், பெயின்டை மட்டும் ஸ்பிரே பூத்தில்.

உள்பக்கம் என்ன செய்வது? பழைய இன்ஜின் ஆயிலை ஊற்றினால் துரு வராது என்கிறார்களே.

நம் தாத்தா காலத்து வழி. வேலை செய்யாது என்று சொல்ல மாட்டேன், ஆனால் ரப்பரை ஊறவைத்துக் கெடுக்கும், புழுதியை இழுத்து அப்பும், அடுத்த வெல்டிங்கில் பற்றிக்கொள்ளும், தோலுக்கும் கேடு. அதற்குப் பதிலாகக் குழிகளுக்குள் அடிக்கிற மெழுகு ஸ்பிரே கிடைக்கிறது, நீளக் குழாயோடு. ரன்னிங் போர்டுக்குள், கதவின் அடிக்குள், எல்லா வெல்டிங்கும் பெயின்டும் முடிந்த பிறகு, வெயில் நாளில் அடித்தால் இளகித் தையலுக்குள் ஓடும். வடிகால் துளைகளை மட்டும் பிறகு ஒரு ஈர்க்குச்சியால் குத்தித் திறந்துவிடுங்கள்.

அடியில் அப்புகிற கருப்பு ரப்பர் பூச்சைத் துருவின் மேல் அடிக்காதீர்கள். ஓரம் விட்டுப்போனால் அதற்குள் தண்ணீர் புகுந்து வெளியே வராது, நமக்கும் தெரியாது.

எந்த மாதத்தில் வைத்துக்கொள்வது நல்லது?

தை முடிந்து சித்திரைவரை. ஐப்பசி, கார்த்திகையில் பிரைமர் டின்னைத் திறக்கவே வேண்டாம். ஏற்காட்டிலேயே செய்கிறவர்களுக்கு இன்னும் கஷ்டம், சாயங்காலம் தேய்த்து வைத்த தகடு காலையில் ஆரஞ்சு நிறத்தில் இருக்கும். அங்கே பத்து மணிக்குமேல் வெயில் வந்தபின் தேய்த்து, மூன்று மணிக்குள் பிரைமர் அடித்துவிட வேண்டும். ஈரத் துணியால் தகட்டில் ஒரு கோடு இழுங்கள். ஓரிரு நிமிடத்தில் தானாகக் காய்ந்தால் அடிக்கலாம், நின்றுகொண்டேயிருந்தால் டின்னை மூடிவிட்டு மிளகாய் பஜ்ஜி சாப்பிடப் போங்கள்.

ஆர்.டி.ஓ. பக்கம் சிக்கல் வருமா?

சேஸிஸ் நம்பர் பொறித்த தகடு எங்கே இருக்கிறது என்று முதல் நாளே கண்டுபிடித்து, போட்டோ எடுத்து, மேலே டேப் ஒட்டிவிடுங்கள். அங்கே கிரைண்டர் போகவே கூடாது. பதினைந்து வருடம் தாண்டிய சொந்த வண்டிக்கு ஐந்தைந்து வருடமாக ஆர்.சி. புதுப்பிக்க வேண்டும், அப்போது வண்டியைக் கொண்டுபோய்க் காட்டும்போது அந்த நம்பர் தெளிவாக இருக்க வேண்டும். நிறத்தை மாற்றினால் ஆர்.சி.யிலும் மாற்றிப் பதிய வேண்டும். மாமா காரின் பழைய வெள்ளையையே நான் அடித்தேன், ஒரு அலைச்சல் மிச்சம்.

டிங்கரிடம் கொடுத்துவிட்டால் எதைக் கவனிக்க வேண்டும்?

'முழு பாடிக்கும் எவ்வளவு' என்று கேட்காதீர்கள், அந்தக் கேள்விக்கு விடை பட்டிதான். எந்த இடத்தில் வெட்டி ஒட்டப் போகிறார் என்று சாக்பீஸால் காரிலேயே வட்டம் போடச் சொல்லுங்கள். வெல்டிங் முடிந்து பிரைமர் அடிப்பதற்கு முன் ஒரு முறை கூப்பிடச் சொல்லுங்கள், போய்ப் பாருங்கள், போகும்போது காந்தம் சட்டைப் பையில் இருக்கட்டும்.

மழைக்காலம் ஒன்று போய்விட்டதே, உங்கள் கார் எப்படி இருக்கிறது?

காலடி உலர்ந்து இருக்கிறது. மாதம் ஒரு முறை வைப்பர் ஜாலிக்குள் ஒரு செம்புத் தண்ணீர் ஊற்றுகிறேன், இரண்டு முன்டயருக்கும் பின்னால் ஒழுங்காகக் கொட்டுகிறது. கதவுகள் சாத்துகின்றன, இடது கதவில் மட்டும் வெயில் சாய்ந்து அடிக்கும்போது அந்த அப்பள அலை தெரியும்.

இடது பின் வீல் ஆர்ச்சில், உள் மடிப்பில், ஒரு கொப்புளம் வந்திருக்கிறது, மிளகு அளவு. அந்த இடத்தில் கிரைண்டர் நுழையவில்லை என்று கன்வெர்ட்டரைத் தடவி விட்டுவிட்டேன், வேலை கடைசியில் இருந்தது, பொறுமை தீர்ந்திருந்தது. தை பிறந்ததும் அதைத் திறக்க வேண்டும். காலண்டர் அட்டை எடுத்து வைத்திருக்கிறேன்.